கண்டியின் கடைசி அரசிக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய வெங்கட ரங்கம்மாள் தேவியார் அவர்களுக்கு,

நான் கண்டியில் சரித்திரம் படிப்பிக்கிற ஒரு டீச்சர். உங்களுக்கும் எனக்கும் உறவு கிடையாது. நீங்கள் நாயக்க அரச குலம். நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களின் பேத்தி. உங்கள் வம்சத்துப் பெண்கள் இந்த மலைக்குச் சீர்வரிசையோடு வந்தார்கள், எங்கள் ஆட்கள் கங்காணிக்குக் கடன்பட்டுக் கால்நடையாக வந்தார்கள். ஆனாலும் உங்களுக்குச் சொல்லவேண்டிய நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத் தனிக் கடிதமாக எழுதி மடித்து வைப்பதைவிட, நாலு பேர் வாசிக்கும்படி எழுதுவதே முறை என்று பட்டது.

எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் கேள்வி. கண்டி இராச்சியம் பற்றிய பாடத்தில் உங்கள் கணவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பெயரை எழுதிவிட்டு, அதன் கீழே உங்கள் பெயரையும் எழுதினேன். அவள் எழும்பி நின்று, “ராஜாவுக்குப் பொஞ்சாதியா இருந்ததைத் தவிர இவங்க என்ன டீச்சர் செஞ்சாங்க? இவங்க பேரை ஏன் நாங்க பாடமாக்கணும்?” என்று கேட்டாள். துடுக்கான பிள்ளை, ஆனால் கேள்வியில் பிழை இல்லை. ஆண்டவர் அரசர். நல்லது செய்தாலும் பொல்லாதது செய்தாலும் கணக்கு அவர் பெயரில்தான் எழுதப்படும். பக்கத்தில் இருந்தவருக்கு ஊரார் எதற்காக மரியாதை செய்ய வேண்டும்? வகுப்பில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் உங்களையே முன்னிறுத்தி யோசிக்கிறேன்.

கண்டியில் பட்டத்தரசியின் இடம் சும்மா கிடைத்த இடமல்ல. அரசன் முறைப்படி மணக்க வேண்டியது க்ஷத்திரிய குலத்துப் பெண்ணை. உள்ளூர்ப் பிரபு வீடு ஒன்றில் பெண் எடுத்தால் அந்த வீட்டின் கை ஓங்கும், மற்ற வீடுகள் முறைத்துக்கொள்ளும் என்ற கணக்கும் அதற்குள் இருந்திருக்கும். ஆகவே மதுரைப் பக்கம் பெண் தேடினார்கள். வீர நரேந்திரசிங்க மன்னர் 1739இல் பட்டத்தரசியிடம் பிள்ளை இல்லாமல் இறந்தபோது, அரியணை அந்த அரசியின் சகோதரருக்குப் போனது. அவர்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். அடுத்து கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், பிறகு 1798இல் உங்கள் கணவர். நான்கு மன்னர்கள், எழுபத்தாறு ஆண்டுகள். இத்தனைக்கும் வழிவிட்டது மதுரையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கல்யாணம்.

அந்த வழியால் கண்டிக்கு என்ன வந்தது என்பதை இன்றைக்கும் கண்ணால் பார்க்கலாம். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், சியாமிலிருந்து உபாலி தேரர் வந்து, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் உயர் துறவேற்பை, மறுபடி தொடக்கிவைத்தார். மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் சியாம் நிகாயம் அப்படி வந்ததுதான். எசல பெரஹெராவில் தலதா மாளிகையின் ஊர்வலம் முன்னே போக, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் பின்னே வருகின்றனவே, அந்த ஒழுங்கும் அவர் காலத்தது. கொட்டுகிற பனியில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பெரஹெரா பார்க்கிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அரசர்களைச் சொன்னால் போதாது. ஸ்ரீ விஜய ராஜசிங்கனின் அரசியர் தங்கள் பழைய சமயத்தை விட்டுப் புத்த சமயத்தைத் தழுவியதையும், தந்ததாதுவை வணங்கியதையும், தானம் கொடுத்ததையும், ஏடுகளைப் படியெடுக்க வைத்ததையும் சூளவம்சம் பாராட்டிச் சொல்கிறது. பிக்குகள் எழுதிய நூல் அது. வெளியூர்ப் பெண்களை இலேசில் புகழாது. அந்தப் பாராட்டுக்குப் பின்னால் இருக்கிற விலையைத்தான் நான் பார்க்கிறேன். தாய்மொழி அரண்மனைச் சுவருக்குள் சுருங்கிவிடும். குலதெய்வத்தைத் தள்ளிவைக்க வேண்டும். பிறந்த வீட்டுக்கு மறுபடி போவது கனவு. கல்யாணம் முடிந்த அன்றே ஊர், பேச்சு, சாமி மூன்றையும் ஒரு அரசாங்கத்துக்காகக் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் ஊரார் கண்ணுக்கு முன்னால் தப்பில்லாமல் நடக்க வேண்டும். இதை வேலை என்று சொல்லாமல் வேறு எதை வேலை என்பது?

இதே வேலையைச் செய்த ஒரு ஆண்பிள்ளையும் கண்டிக்கு வந்திருக்கிறார். 1954 ஏப்ரல் 20ஆம் தேதி பேராதனையில் பல்கலைக்கழகத்தை முறைப்படி திறந்துவைத்தவர் எலிசபெத் மகாராணியின் கணவர் பிலிப் இளவரசர். மகாராணி பக்கத்தில் இருந்தார். பேராதனையில் அதற்கு முன்பே பாடங்கள் தொடங்கிவிட்டதால், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவைக்கிறேன் என்ற பாணியில் அவர் பகிடி விட்டதாகப் பேராதனைப் பக்கம் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் வெளியூர்க்காரர்தான். கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் பிறந்தவர். 1947இல் நடந்த கல்யாணத்துக்காகக் கிரேக்க, டென்மார்க் பட்டங்களைத் துறந்தார், சமயப் பிரிவை மாற்றிக்கொண்டார். பிறகு கடற்படை உத்தியோகமும் போனது. 2017இல் ஓய்வு பெறும்வரை தனியாக மட்டும் 22,219 பொது நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார் என்று அரண்மனை கணக்குச் சொன்னது. 2021இல் இறந்தபோது பீரங்கி முழங்கி மரியாதை செய்தார்கள். அவருக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. உழைத்த மனிதர், கிடைக்கட்டும். அவர் செய்ததைக் குறித்து வைக்க ஒரு அலுவலகம் இருந்தது. உங்களுக்கும் உங்களுக்கு முன்வந்த அரசியருக்கும் அப்படி யாரும் இல்லை. வித்தியாசம் உழைப்பில் இருந்ததா, கணக்குப்பிள்ளை இருந்ததிலும் இல்லாததிலும் இருந்ததா என்று யோசிக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் இது முகஸ்துதி ஆகிவிடும், அம்மா. 1814ஆம் ஆண்டு மே மாதம். அமைச்சராக இருந்த எகலப்பொல அதிகாரம் வெள்ளைக்காரரோடு சேர்ந்துவிட்டார் என்ற கோபத்தில் உங்கள் கணவர் அவருடைய குடும்பத்தைத் தண்டித்தார். பிள்ளைகளை நடுத்தெருவில் தாயின் கண்ணெதிரே வெட்டினார்கள். மூத்தவன் அஞ்சி ஒதுங்கியபோது சின்னவன் மத்தும பண்டார முன்னே வந்து தலை கொடுத்ததைச் சிங்களப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். தாய் குமாரிஹாமியை போகம்பறை வாவியில் மூழ்கடித்தார்கள். அந்த நாளை நினைத்தால் எனக்கு உங்கள் அரண்மனைமேல் கோபம்தான் வருகிறது. நாங்கள் காலாற நடக்கிற கண்டி வாவியும் ராஜகாரியம் என்ற பெயரில் வாங்கிய கட்டாய வேலையில் கட்டியதுதான். அரசரின் பக்கத்தில் இருந்தவர் என்பதற்காக உங்களுக்கு மரியாதை என்றால், இந்த இரத்தமும் வியர்வையும் அந்த மரியாதையின்மேல் தெறிக்கும்.

இங்கேதான் எனக்கு ஒன்று தெளிவானது. குமாரிஹாமி எந்தக் குற்றமும் செய்யவில்லை. எகலப்பொலவின் மனைவியாக இருந்தார். மறு வருடம் நீங்கள் பட்டதற்கும் காரணம் அதுவே: நீங்கள் ராஜசிங்கனின் மனைவி. ஒரே நகரத்தில், பத்து மாத இடைவெளிக்குள், கணவன்மார் வைத்த கடனை இரண்டு பெண்கள் கட்டினீர்கள். ஒருவர் உயிரால், மற்றவர் நாட்டை இழந்து. குமாரிஹாமியை ஊர் மறக்கவில்லை. அவர் கதை சினிமாவாகவும் வந்தது. நல்லதுதான். அவருக்குக் கண்ணீர் விடுகிறவர்கள் உங்களை எதிர்ப்பக்கம் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. நீங்கள் இருவரும் ஒரே பக்கம்.

1815 பெப்ரவரி நடுப்பகுதியில் ஆங்கிலப் படை நகரத்துக்குள் வந்தது. அரசகுடும்பம் தும்பறைப் பக்கம் தப்பிப் போயிருந்தது. பெப்ரவரி 18ஆம் தேதி, மெதமகாநுவரவுக்குக் கிட்ட போமுரே என்ற இடத்தில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தபோது, எக்னெலிகொட என்ற சிங்களப் பிரபுவின் ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரியப் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்த மலையைப் பார்க்கலாம். செங்குத்து, மூச்சு வாங்கும். அரசரைக் கட்டி இழுத்தார்கள். அரசியரின் நகைகளைப் பறித்தார்கள். காதணியைக் கழற்றக்கூட நேரம் கொடுக்காமல் பிடித்திழுத்ததில் காது கிழிந்து இரத்தம் வழிந்தது. ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போன டயஸ் பண்டாரநாயக்க எழுதிவைத்த விவரம் அந்த இடத்தின் அலங்கோலத்தைச் சொல்கிறது.

எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தோட்டின் அருமை தெரியும். கஷ்டகாலத்தில் சங்கிலி போகும், காப்பு போகும், அடகுக்கடைக்குக் கடைசியாகப் போவது தோடுதான். அதையும் கழற்றிவிட்டால் துளையில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டாவது இருப்பார்கள், காது வெறுமனே கிடக்கக்கூடாது என்று. ஒரு நாட்டின் அரசிக்கு அந்த மரியாதைகூட மிஞ்சவில்லை. இராச்சியம் கவிழ்ந்தபோது முதலில் சிந்திய இரத்தத்தில் உங்கள் காதின் இரத்தமும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், அரசர் பிடிபட்டார் என்று ஒரு வரியில் முடிப்பது சரித்திரம் ஆகாது.

உங்கள் அந்தப்புரம் இருந்த பல்லே வாசல இப்போது தேசிய நூதனசாலை. கனத்த சுவர், நடுவே முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம். உள்ளே காட்சிக்கு இருப்பவற்றில் 1815 மார்ச் 2ஆம் தேதி மகுல் மடுவ என்ற அரச மண்டபத்தில் ஏற்றுக்கொண்ட கண்டி ஒப்பந்தத்தின் பிரதியும் ஒன்று. உங்கள் கணவரின் ஆட்சி உரிமை பறிபோயிற்று என்று சொல்வது அதுதான். மேல்வழி, கீழ்வழி, பக்கவழி என்று எந்த வழி உறவாக இருந்தாலும், இரத்தத்தாலோ சம்பந்தத்தாலோ வந்தவர்களாக இருந்தாலும், அரியணைக்கு இனி உரிமை இல்லை என்று விலக்குவதும் அதுவே. அரசரின் ஆண் உறவினர் கண்டி மாகாணங்களுக்குள் அனுமதியின்றிக் கால்வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றும் அதில் இருக்கிறது. உங்களை வெளியேற்றிய பத்திரம் உங்கள் வீட்டுக்குள்ளேயே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று தவறாமல் சொல்வேன்: அந்த மை காய்ந்து மூன்று வருடம் ஆகுமுன்னே, 1817-18 கிளர்ச்சியில், வில்பாவே என்பவர் தன்னை நாயக்க குலத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டு வந்தார், சிங்கள மக்கள் அவர் பின்னால் திரண்டார்கள். உங்கள் குலத்தின்மேல் சனத்துக்கு அடியோடு வெறுப்பு என்பது உண்மையானால் அந்தப் பெயருக்கு ஏது மதிப்பு?

1816 ஜனவரி 24ஆம் தேதி கொழும்பில் கோர்ன்வாலிஸ் கப்பலில் உங்களை ஏற்றினார்கள். சென்னை, அங்கிருந்து வேலூர்க் கோட்டை. திப்பு சுல்தானின் பிள்ளைகளை 1806 கலகம் வரை வைத்திருந்த அதே கோட்டை. அங்கே உங்கள் கணவர் 1832 ஜனவரி 30ஆம் தேதி இறந்தார். அவருடைய மகன் அங்கேயே பிறந்து, 1843இல் வாரிசில்லாமல் மறைந்தார். வழிவந்தவர்களுக்கு இலங்கை அரசாங்கம் கொடுத்துவந்த உபகாரப் பணம் 1965இல் நின்றது. அரசரின் சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்கம் 1990இல் அங்கே முத்து மண்டபம் எழுப்பியது.

இதைச் சொல்லும்போது நம் ஆட்கள் உடனே கற்பைக் கொண்டுவந்து விடுவார்கள். கணவன் போன இடமெல்லாம் போனாள், பத்தினி என்பார்கள். நான் அப்படிப் புகழமாட்டேன், அம்மா. போகிறாயா, இருக்கிறாயா என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை. விருப்பம் கேட்காமல் அனுப்பிவிட்டு, போனதைத் தியாகம் என்று கொண்டாடுவது அனுப்பியவனுக்குத்தான் வசதி. நான் மரியாதை செய்வது வேறொன்றுக்கு. அரண்மனையில் அரசியாக இருப்பதற்குப் பெரிய மனத்திடம் வேண்டியதில்லை. சேவகர் உண்டு, விருது உண்டு, குடை பிடிக்க ஆள் உண்டு. நாடு போன பிறகு, காவல்காரரின் கண்ணுக்கு முன்னால், வெள்ளைக்காரர் அளந்து கொடுக்கிற படியில் வருடக்கணக்காக அரசியாக இருப்பதுதான் கடமை. பதவியின் சுகம் கொஞ்ச வருடம், அதன் சுமை மிச்ச ஆயுள் முழுவதும். அந்தச் சுமையை நீங்கள் இறக்கி வைக்கவில்லை. அரசரின் துணைக்கு மரியாதை தகுமா என்று கேட்டால், எனது அளவுகோல் இதுதான்: பக்கத்தில் அமர்ந்ததற்காக மரியாதை வேண்டாம், சுமந்ததற்காகக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்த அளவுகோலில் பிலிப் இளவரசரும் தேறுவார், நீங்கள் அவருக்கு மேலேயும் தேறுவீர்கள். அரண்மனையில் இருந்து ஒன்றும் சுமக்காதவர் யாராக இருந்தாலும் தேறமாட்டார்.

இனி என் சொந்த நன்றி. நாயக்க குலம், ஆகவே இந்தியாவுக்கு அனுப்பு என்று உங்கள் விதியை வேறு யாரோ தீர்மானித்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தது. கண்டியிலும் அட்டனிலும் ரயில் ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறிப் போனவர்களில் எங்கள் சின்னம்மா குடும்பமும் உண்டு. நீலகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுத சனத்துக்கு உங்கள் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால், இந்தப் பாதையில் நமக்கு முன்னே ஒரு அரசி போயிருக்கிறாள் என்று ஒரு ஆறுதலாவது இருந்திருக்கும். தமிழர் கண்டிக்குக் கோப்பிக் காலத்தில்தான் வந்தார்கள் என்று யாராவது சொன்னால், என் பிள்ளைகளிடம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் திருத்துகிறேன். மலபார் வீதி என்ற பெயர் எப்படி வந்தது, அங்கே யார் குடியிருந்தார்கள் என்று தொடங்கினால், பாடம் தானாக நடக்கும். இது நீங்கள் அறியாமல் எங்களுக்குச் செய்த உதவி.

ஊரார் மரியாதை என்றால் பெயரில்தான் தெரியும். உடவத்தகெலே காட்டுக்குள் போனால் தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் மனைவி பெயரில் லேடி ஹோர்ட்டன் பாதை இருக்கிறது. வேறு தேசாதிபதிகளின் மனைவிமார் பெயரிலும் பாதைகள் இருக்கின்றன. டவுன் நடுவில் குயின்ஸ் ஹோட்டல். தெல்தெனியப் பழைய டவுனை மூழ்கடித்த நீர்த்தேக்கத்துக்குப் பெயர் விக்டோரியா. வாவிக்கரையில் மாளிகைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் கால்வைத்து நிற்கிறதே உல்பங்கே, அரசியர் நீராடிய மண்டபம், அதன்மேல் ஆங்கிலேயர் மாடி கட்டி நூலகமாக்கினார்கள். பிறகு பொலிஸ் வந்தது. வந்துபோன துரைசானிமாருக்குப் பாதை, இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட அரசிக்கு ஒன்றும் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

சிலை கேட்கவில்லை. கண்டியில் சிலைக்குப் பஞ்சம் இல்லை, சண்டைக்கும் பஞ்சம் இல்லை. உல்பங்கே முன்னாலும் பல்லே வாசலவிலும், அங்கே வாழ்ந்த அரசியரின் பெயர்களைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு பலகை போதும். போகம்பறையில் குமாரிஹாமியின் பெயரும் அதேபோல மூன்று மொழியில் இருக்கட்டும். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் மன்னர் பட்டியலுக்குப் பக்கத்தில் அரசியருக்கும் ஒரு நிரல் ஒதுக்கட்டும். தொல்பொருள் திணைக்களத்துக்கும் மாநகரசபைக்கும் இது பெரிய செலவில்லை. இந்த மடலின் ஒரு பிரதியை இரண்டு இடத்துக்கும் பதிவுத்தபாலில் அனுப்புகிறேன்.

எழுதாமல் விட்டவர்களுக்கும் சேர்த்து, உங்களுக்கு நன்றி அம்மா.

மரியாதையுடன்,
கண்டியிலிருந்து ஒரு சரித்திர ஆசிரியை